கண்ணாடியும் இரும்பும் உடன்படும் இடம்

இலக்கணம் படிப்பிக்கும் ஒருவனுக்குக் கார்க் கண்ணாடியில் என்ன வேலை என்று வாசகர்கள் வினவக்கூடும். வேலை உண்டு. புணரியல் படிப்பிக்கும்போது உடம்படுமெய் என்னும் ஒன்றை மாணாக்கருக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். நிலைமொழியின் ஈற்றிலே ஓர் உயிர் நிற்கிறது. வருமொழியின் முதலிலும் ஓர் உயிர் நிற்கிறது. இரண்டும் தாமாக ஒட்டமாட்டா. யகரமோ வகரமோ இடையிலே வந்து நின்று அவற்றை உடன்படுத்துகின்றது. மணி என்பதும் அடி என்பதும் சேர்ந்து மணியடி ஆவதும், பூ என்பதும் அழகு என்பதும் சேர்ந்து பூவழகு ஆவதும் இவ்வாறே. இடையில் வந்த அந்த எழுத்துக்குத் தனியே பொருள் யாதும் இல்லை. பரீட்சைத்தாளிலே அதனை விட்டுவிட்டுப் போகும் மாணாக்கர் பலர். ஆயினும் அது இல்லாத இடத்தில் நா இடறும்.

மோட்டார்க் காரின் முன்கண்ணாடியைச் சுற்றி ஓடும் றப்பர் வாரும் இத்தன்மையதே. கண்ணாடி வளையாது, இரும்புத் தகடு வளையும். வெயிலிலே இரண்டும் விரிவனவேனும் ஒரே அளவாக விரிவதில்லை. றோட்டுப் பள்ளத்திலே ஒரு சில்லு இறங்கி ஏறும்போதெல்லாம் காரின் உடல் சிறிதே முறுகி நிமிர்கின்றது. இவ்விரண்டையும் நேருக்கு நேர் முட்டவிட்டால் உடைவது கண்ணாடி. ஆதலின் இடையிலே றப்பரை வைத்தார்கள். அது கண்ணாடியைத் தாங்குகின்றது; இரும்பு அசைவதற்கு இடங்கொடுக்கின்றது; மழைநீர் உட்புகாமல் தடுக்கின்றது. எஞ்சினைப் பற்றியும் சில்லுகளைப் பற்றியும் மணிக்கணக்காகக் கதைக்கின்ற நம்மவர் இந்த வாரை ஏறிட்டும் பார்ப்பதில்லை. காலடியில் தண்ணீர் தேங்கிய பின்னரே அதன் நினைவு வரும்.

நமது கராச்சுகளிலே இதற்குப் 'பீடிங்' என்று பெயர். மணி என்னும் பொருளுடைய ஆங்கிலச் சொல்லிலிருந்து பிறந்தது அது. தச்சர்கள் யன்னற் கண்ணாடியை இறுக்கும் மெல்லிய மரச்சட்டத்தை அச்சொல்லாலே குறித்தனர். அங்கிருந்து அது கராச்சுக்கு வந்து சேர்ந்தது. இதற்கொரு தனித்தமிழ்ப் பெயர் ஆக்கித் தரும்படி நண்பர் ஒருவர் என்னைக் கேட்டார். வேலை செய்கிறவன் வாயில் வழங்குகின்ற சொல்லைப் பிடுங்கிவிட்டு, வேலை செய்யாதவன் ஆக்கிய சொல்லை அங்கே நடுவது எனக்கு உடன்பாடன்று. பீடிங் என்றே இருக்கட்டும்.

இனிக் காரைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் பெரியப்பா சித்த வைத்தியர். 1964ஆம் ஆண்டில் அவர் ஒரு மொறிஸ் மைனரைக் கைமாற்றாக வாங்கினார். 1958இல் செய்யப்பட்ட வண்டி அது. மொறிஸ் மைனர் அலெக் இசிகோனிஸ் என்பவர் வகுத்த கார். 1948இல் இலண்டன் கண்காட்சியில் முதன்முதல் காட்டப்பட்டது. விற்பனையில் 10 இலட்சத்தைக் கடந்த முதலாவது பிரித்தானியக் கார் என்ற பெயரும் அதற்கு உண்டு. தொடக்கத்தில் அதன் முன்கண்ணாடி இரு துண்டுகளாக, நடுவிலே ஒரு தண்டுடன் இருந்தது. தட்டையான கண்ணாடிகள் அவை. 1956இல் மைனர் ஆயிரம் என்னும் வகை வந்தபோது தண்டு நீங்கி, வளைந்த ஒரே கண்ணாடி வந்தது. ஆகவே தூரத்தில் வரும் மைனரின் நெற்றியைப் பார்த்தே அது எக்காலத்ததென்று யாழ்ப்பாணத்துச் சிறுவனும் சொல்லிவிடுவான்.

யாழ்ப்பாணத்தவர் பழைய கார்களைப் பேணுவது ஆசையினால் மாத்திரம் அன்று. வேறு வழி இருந்ததில்லை என்பதே மெய். 1990இன் பின்னர்ப் பெற்றோல் வருவது தடைப்பட்ட காலத்திலே, சில துளி பெற்றோலில் எஞ்சினை எழுப்பிவிட்டு மண்ணெண்ணெயில் ஓட்டினோம். ஒஸ்ரினும் மொறிசும் அந்தக் கொடுமையைப் பொறுத்துக்கொண்டன. உதிரிப்பாகம் வாராத காலத்தில் கராச்சுக்காரர் கையால் அடித்தும் கடைந்தும் பாகங்களை ஆக்கினர். கண்ணாடியை மட்டும் அவ்வாறு ஆக்க முடியாது.

1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்த இரவில், எங்கள் காரிலே மண்ணெண்ணெயும் இல்லை. இருந்தாலும் அந்தச் சன நெரிசலில் கார் நகர்ந்திராது. கொட்டிலிலேயே விட்டுவிட்டுத் தென்மராட்சிக்கு நடந்தோம். மறு ஆண்டு திரும்பியபோது சில்லுகள் இல்லை. பின்கதவிலே எறிகணைச் சிதறல் துளைத்த ஓட்டைகள் மூன்று. முன்கண்ணாடியிலோ ஒரு கீறலும் இல்லை. பெரியப்பா கண்ணாடியைத் தம் சால்வையால் துடைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் வீட்டுக்குள் போனார். 2001இல் அவர் காலமானார். அதன்பின் கார் கொட்டிலிலேயே நின்றது. கொட்டிலின் ஓலையும் வருடந்தோறும் வேயப்படவில்லை.

றப்பர் வயதாவது மனிதர் வயதாவது போல வெளிப்படையாகத் தெரிவதன்று. வெயிலும், காற்றிலுள்ள ஓசோன் வாயுவும் அதனைச் சிறிது சிறிதாகத் தின்னுகின்றன. முதலில் மினுக்கம் போகும். பின் நகத்தால் அழுத்தினால் தழும்பு விழாத அளவுக்கு இறுகும். பின் மூலைகளிலே மயிரிழை போன்ற வெடிப்புகள் தோன்றும். மூலைகளில் முதலில் தோன்றுவதற்குக் காரணம், அங்கேதான் றப்பர் வளைந்து இழுபட்டு நிற்கின்றது என்பது. அந்த வெடிப்பினூடாக இறங்குகின்ற மழைநீர், கீழ் மூலையிலே, றப்பரின் வாய்க்குள் மறைந்திருக்கும் இரும்பு விளிம்பில் தங்குகின்றது. வெளியிலிருந்து பார்ப்பவர்க்கு ஒன்றும் தெரியாது. கறள் உள்ளேயிருந்து தொடங்கும். அங்கிருந்து நீர் தூணின் உட்புறத்தால் வடிந்து தரைத்தகட்டுக்குப் போகும். மைனருக்குத் தனியான அடிச்சட்டம் இல்லை. உடலும் தரையும் சேர்ந்த ஒரே கட்டமைப்பே காரைத் தாங்குகின்றது. தரை உக்கினால் கார் உக்கியது என்பதே பொருள். வாரின் வெடிப்பொன்று காரின் முதுகெலும்பை உண்ணும் வகை இது.

சென்ற ஆண்டு ஆவணி மாதத்தில் பெரியம்மா என்னை அழைத்தார். அவருக்கு எண்பத்தாறு வயது. காரின் பாயைத் தூக்கிக் காட்டினார். வலப்பக்கத் தரையிலே உள்ளங்கை அளவான ஓட்டை. அதனூடாக மண் தெரிந்தது.

"தம்பி, மழைக்கு முன்னம் இதுக்கொரு வழி பார். இல்லாட்டில் பழைய இரும்புக்காரனைக் கூப்பிட்டுக் குடு. கண்ணுக்கு முன்னாலை உக்கிறதை என்னாலை பார்த்துக்கொண்டு இருக்கேலாது."

மழைக்கு மூன்று மாதம் இருந்தது. வாடைக்காற்றோடு வரும் எங்கள் மழை தவணை கேட்டால் தராது.

இலண்டனிலுள்ள என் தமக்கையின் மகனுக்கு எழுதினேன். பழைய மைனர்களுக்கான பாகங்களை விற்பவர்கள் இங்கிலாந்தில் இன்றும் உண்டு. புதிய பீடிங் ஒன்றும், அதன் வெளிப்பள்ளத்தில் அழுத்தும் வெள்ளிநிறப் பட்டி ஒன்றும் தபாலில் வந்தன. வந்த பீடிங் இயற்கை றப்பர் அன்று, ஈ.பி.டி.எம். என்னும் செயற்கை வகை. ஓசோனுக்கும் வெயிலுக்கும் அது எளிதில் இடங்கொடாது. இங்கே ஒன்று நினைவுக்கு வருகின்றது. பிரேசிலிலிருந்து கொண்டுவந்த வித்துகளைக் கியூ பூங்காவிலே முளைக்கவைத்து, 1876ஆம் ஆண்டில் கன்றுகளை இலங்கைக்கு அனுப்பினார்கள். கம்பகாவில், ஹெனரத்கொடைத் தோட்டத்தில் அவை நாட்டப்பட்டன. ஆசியாவின் றப்பர்த் தோட்டங்களுக்கு அதுவே தொடக்கம். அதன் பின்னர் இந்நாட்டு மரங்களின் பால் எத்தனை கப்பலேறிற்று! பால் எடுத்த கைகளுள் நம்மவர் கைகளும் உண்டு. இப்போது மரத்தைக் காணாத றப்பர் விமானத்திலே நமக்கு வருகின்றது. அதன் மணமும் வேறு.

கண்ணாடியைப் பற்றியும் சொல்லாமல் விடுவதற்கில்லை; ஏனெனில் எங்கள் அச்சம் முழுவதும் அதிலேயே இருந்தது. அந்தக் கண்ணாடியின் மூலையிலே வலிவூட்டப்பட்டது என்னும் பொருள்தரும் ஆங்கில முத்திரை இருக்கின்றது. இத்தகைய கண்ணாடியை 600 பாகைக்கு மேற் சூடாக்கி, உடனே காற்றை ஊதிக் குளிர்விப்பார்கள். மேற்பரப்பு முந்தி இறுகிவிடும். உட்பகுதி பிந்திக் குளிர்ந்து சுருங்க முயலும். ஆகவே மேற்பரப்பு எப்போதும் நெருக்கப்பட்டும், உள் எப்போதும் இழுபட்டும் நிற்கும். அந்தப் பிணக்குத்தான் அதன் வலிமை. முகத்திலே கையால் ஓங்கி அறைந்தாலும் தாங்கும். விளிம்பிலே ஒரு சிறு இரும்பு முனை பட்டு அந்த மேற்றோல் கிழிந்ததாயின், ஒரு கணத்தில் முழுக் கண்ணாடியும் கற்கண்டுத் துண்டுகளாகச் சொரிந்துவிடும். வெட்டவோ தேய்க்கவோ அதனை இனி ஒருவராலும் இயலாது. றப்பர் பூட்டும் வேலை முழுவதும் விளிம்பிலேயே நடக்கின்றது என்பதை எண்ணிப் பாருங்கள். போரும் தொடாத ஒரு கண்ணாடியை ஒரு ஸ்குறூ டிறைவர் அழித்துவிடக்கூடும்.

வேலையை ஏற்றுக்கொண்டவர் எங்கள் ஊரிலே கராச் வைத்திருக்கும் ஒருவர். எழுபத்தைந்து வயது. பதினான்காம் வயதிலே இத்தொழிலுக்குப் போனவர். நான் அவரை அண்ணை என்பேன். அவர் என்னை வாத்தியார் என்பார். வந்து கண்ணாடியைச் சுற்றி ஒரு முறை விரலை ஓட்டிப் பார்த்தார். பிறகு தம் வலக்கையை நீட்டிக் காட்டினார். விரல்கள் நடுங்கின.

"வாத்தியார், தலை சரியாய் இருக்கு. கைதான் சொல்லுக் கேளாது. பேரனைக் கொண்டுவாறன்."

பேரனுக்குப் பதினேழு வயது. உயர்தரத்தில் தொழினுட்பம் படிக்கிறான். பாட்டனாரை அம்மப்பா என்று அழைப்பான். சொல்வது காதில் விழுந்ததா விழவில்லையா என்று எவராலும் கண்டுபிடிக்க முடியாத வகையிலே கேட்டுக்கொண்டிருப்பான். வகுப்பிலே இத்தகையோரை நான் பல வருடங்களாகக் கண்டு வருகிறேன். விடைத்தாள் வரும்வரை தீர்ப்புச் சொல்லக்கூடாத வகையினர்.

கழற்றுவது ஒரு முற்பகலில் முடிந்தது. முதலில் வெள்ளிநிறப் பட்டியை உருவி எடுத்தார்கள். பழைய றப்பரை இழுக்கக்கூடாது என்பது அண்ணையின் கட்டளை. எறியப் போகும் பொருளுக்கு இரக்கம் வேண்டாம், கத்தியால் வெட்டு என்றார். வெளி உதட்டை முழுச் சுற்றும் அறுத்த பின்னர், பையன் உள்ளே அமர்ந்து மேல் மூலையிலே இரு உள்ளங்கைகளாலும் மெல்லத் தள்ளினான். நானும் கராச்சில் வேலை செய்யும் இன்னொருவரும் வெளியே நின்று கண்ணாடியை ஏந்திக்கொண்டோம். மேசையில் மெத்தை விரித்து அதன்மேற் கிடத்தினோம். பெரியம்மா வந்து அதன்மேல் ஒரு வெள்ளைச் சீலையைப் போர்த்தினார்.

கண்ணாடி நீங்கிய பின்னரே இரும்பின் உண்மை நிலை தெரிந்தது. மேல் விளிம்பு நன்றாக இருந்தது. கீழ் விளிம்பிலே, இரு மூலைகளிலும், ஏறக்குறைய ஒரு சாண் நீளத்துக்குத் தகடு பிஸ்கற்றுப் போல் உதிர்ந்தது. இந்த இடத்திலேதான் வேலைக்காரரின் தரம் தெரியும். அவசரக்காரர் கறளைச் சுரண்டிவிட்டுப் பசையை அப்பி, புதிய றப்பரால் மூடிவிடுவர். இரண்டு வருடம் கண்ணுக்கு நன்றாயிருக்கும். அண்ணை உக்கியதை வெட்டி எறிந்து, புதிய தகட்டை வளைத்து வெல்டிங் செய்வித்தார். அதன்பின் விளிம்பின் தடிப்பைப் பல இடங்களிலும் அளந்தார். றப்பரின் வாய் கவ்வ வேண்டிய தடிப்பு ஓரளவே; வெல்டிங் திரட்சியோ, அளவுக்கு மிஞ்சிய பெயின்றோ இருந்தால் வாய் அடிவரை இறங்காது. இறங்காத வாய் பின்பு திறந்துகொள்ளும். ஆகவே அரத்தால் தேய்த்து, கறள் தடுக்கும் பூச்சுப் பூசி, மெல்லிதாக இரு முறை பெயின்ற் அடித்து, பத்து நாள் காயவிட்டார். அந்தப் பத்து நாளும் எனக்கு நீளமானவை. ஐப்பசி பிறந்துவிட்டது; வடகீழ்த் திசையிலே மேகம் கூடத் தொடங்கிற்று.

பூட்டிய நாளைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன்.

முதலில் புதிய பீடிங்கை முற்றத்துச் சீமெந்துத் தரையில் விரித்து வெயிலில் விட்டார்கள். இங்கிலாந்திலே குளிருக்கு இறுகிய றப்பரைச் சுடுநீரிலே ஊறவைப்பார்களாம். நமக்கு அந்தச் செலவு இல்லை. அரை மணி நேரத்தில் தபாற் சுருளின் மடிப்புகள் நீங்கி, வார் குழைந்து கிடந்தது.

அதன் வடிவைக் கூற வேண்டும். குறுக்கே வெட்டிப் பார்த்தால் அதற்கு இரு புறமும் இரு வாய்கள். உட்சுற்றிலுள்ள வாய் கண்ணாடியைக் கவ்வும். வெளிச்சுற்றிலுள்ள வாய் இரும்பு விளிம்பைக் கவ்வும். முகப்பிலே வெள்ளிநிறப் பட்டிக்கென ஒரு பள்ளம். ஒரு வாய் ஒன்றைக் கவ்வ மறு வாய் மற்றொன்றைக் கவ்வுவதால், கண்ணாடியும் இரும்பும் ஒன்றையொன்று தீண்டாமலே பிணைந்துவிடுகின்றன.

காரிலே றப்பரை முதலில் மாட்டிவிட்டுக் கண்ணாடியை அதற்குள் நுழைக்க முயல்பவரும் உளர். வளைந்த கண்ணாடிக்கு அது ஆகாது. மேசையிலே கிடந்த கண்ணாடிக்குத்தான் முதலில் வாரை அணிந்தார்கள். பொருத்து மேல் நடுவில் வரவேண்டும் என்றார் அண்ணை; ஓடுகிற தண்ணீரிலும் தேங்குகிற தண்ணீரே பொல்லாதது என்பது அவர் கொள்கை. கீழ் நடுவில் வைப்பவரும் உண்டு. அவர்களுக்கும் ஏதேனும் நியாயம் இருக்கும். வாரை இழுத்து நீட்டி அணியக்கூடாது என்பதில் மாத்திரம் எவருக்கும் கருத்து வேறுபாடு இராது. இழுபட்ட றப்பர் நாளடைவில் தன் நீளத்துக்குத் திரும்பும். திரும்பும்போது பொருத்து விரியும், மூலை எழும்பும். ஆகவே விரற்கடையளவு மிச்சமாகவே விட்டு, அதனை நெருக்கி உள்ளே அடக்கினார்கள்.

அடுத்தது கயிறு. மீன்வலைக்கு மேற்கயிறாகக் கட்டும் நைலோன் கயிற்றிலே, பென்சிலிலும் சற்று மெல்லிதான ஒன்றைப் பையன் கொண்டுவந்திருந்தான். முறுக்கிய கயிறா பின்னிய கயிறா என்று அண்ணை தடவிப் பார்த்தார். முறுக்குக் கயிறு இழுபடும்போது வாள் போல றப்பரை அராவும். பின்னற் கயிறுதான் வழுக்கிக்கொண்டு வரும். இந்தக் கயிற்றை இரும்பைக் கவ்வ வேண்டிய வெளிவாய்க்குள் முழுச் சுற்றும் பதித்து, இரு தலைப்பும் கீழ் நடுவில் ஒன்றையொன்று ஓரடி கடந்து தொங்கும்படி விட்டார்கள்.

வழுக்குவதற்கு எண்ணெய் பூசலாமே என்று நான் கேட்டேன். "எண்ணெயும் கிறீசும் றப்பருக்கு நஞ்சு, வாத்தியார். மண்ணெண்ணெய் பட்டால் ஊதிப்போம்," என்றார். சவர்க்காரத்தைச் சீவி வெந்நீரிற் கரைத்து ஆறவைத்திருந்தார்கள். அதனை வாய்க்குள்ளும் இரும்பு விளிம்பிலும் தாராளமாகப் பூசினார்கள். சவர்க்காரநீர் காய்ந்தபின் வழுக்கல் போய்விடும், எண்ணெய் போகாது. தேவையான நேரத்துக்கு மட்டும் வழுக்குகின்ற பொருளே இங்கு வேண்டியது.

பையன் காருக்குள்ளே போய் அமர்ந்தான். நாங்கள் மூவர் கண்ணாடியைத் தூக்கிச் சென்று கீழ் விளிம்பை முதலில் இருத்தினோம். கயிற்றின் இரு தலைப்பும் உள்ளே விழுந்தன. அண்ணை வெளியே நின்று, நடுங்கும் இரு கைகளையும் கண்ணாடியின் கீழ் நடுவிலே வைத்தார். ஆச்சரியம் யாதெனின், அழுத்தத் தொடங்கியதும் அந்த நடுக்கம் நின்றுவிட்டது.

"இழு. உன்ரை பக்கம் இழுக்காதை. கண்ணாடியின்ரை நடுவைப் பார்த்து இழு."

இதிலே ஒரு நுட்பம் இருக்கின்றது. கயிறு கண்ணாடிக்குச் சமாந்தரமாக, நடுவை நோக்கி வரும்போது, அது வாயை விட்டு வெளியேறும் இடத்தில் றப்பரின் உள் உதட்டைத் தூக்கி இரும்பு விளிம்பைத் தாண்டி உள்ளே போடுகின்றது. அதே கணத்தில், அதே இடத்தில், வெளியேயிருந்து ஒருவர் அழுத்த வேண்டும். அழுத்தாமல் இழுத்தால் உதடு கிழியும். இழுக்காமல் அழுத்தினால் உதடு விளிம்பின் கீழே மடிந்துபோம். இருவருக்கும் இடையிலே கண்ணாடி. முகம் தெரியும், குரல் சரியாகக் கேளாது. அண்ணை தட்டினால் நிற்பது, உள்ளங்கை வைத்தால் இழுப்பது என்று சைகை வகுத்துக்கொண்டார்கள்.

கீழ்ப்பக்கம் நடுவிலிருந்து இடமூலை வரை தடையின்றி வந்தது. பின் மற்றத் தலைப்பை எடுத்து வலமூலை வரை. மூலையிலே கயிறு நின்றுவிட்டது. பையன் இன்னும் பலமாக இழுக்கக் கையை ஓங்கினான். அண்ணை பட்டென்று கண்ணாடியில் தட்டினார். நான் மூச்சை அடக்கிக்கொண்டேன். புதிதாக வெல்டிங் செய்த மூலை அது. உதட்டின் நுனி விளிம்பிலே மாட்டிக்கொண்டிருந்தது. ஸ்குறூ டிறைவரை எடுத்து நெம்பிவிடலாமே என்று பக்கத்தில் நின்றவர் சொன்னார். அண்ணை அவரைத் திரும்பியும் பார்க்கவில்லை. பையனைப் பார்த்துத் தம் விரலை வளைத்துக் காட்டினார். பையன் ஏற்கெனவே தன் காற்சட்டைப் பையிலிருந்து எதையோ எடுத்துக்கொண்டிருந்தான். தேங்காய்ச் சிரட்டையை அகப்பைக் காம்பு போல் மெல்லிதாகச் சீவி, முனையை மழுக்கி, மினுமினுக்கத் தேய்த்த ஒரு சிறு தகடு. கண்ணாடியிற் பட்டாலும் கீறாது. அதனைச் சவர்க்காரநீரில் தோய்த்து, உதட்டின் கீழே செருகி, ஒரு திருப்புத் திருப்பினான். உதடு துள்ளி உள்ளே விழுந்தது. கயிறு மறுபடியும் ஓடிற்று.

அந்தத் தகட்டை அவனுக்குச் செய்து கொடுத்தது தாம் அன்று என்று அண்ணை பிறகு என்னிடம் சொன்னார். அவன் தானாகச் செய்தது. முதல் நாள் இரவு. சொல்லும்போது அவர் முகத்தை நான் பார்த்தேன். என் மாணாக்கன் ஒருவன் நான் காட்டாத உதாரணத்தைத் தானே கண்டு எழுதியிருக்கும்போது எனக்கு உண்டாவதும் அதே மகிழ்ச்சிதான்.

இரு பக்கங்களும் பின் மேற்பக்கமும் கால் மணி நேரத்தில் முடிந்தன. கடைசிச் சாண் கயிறு வெளியே வந்ததும், அண்ணை கண்ணாடியைச் சுற்றித் திறந்த உள்ளங்கையால் தட்டிக்கொண்டே வந்தார். நன்றாக இருந்துவிட்ட இடத்தில் ஓசை அடங்கி ஒலிக்கும். இருக்காத இடத்தில் வெறுமையாக ஒலிக்கும். மிருதங்கக்காரர் தட்டிப் பார்ப்பதும் இப்படியே.

வெள்ளிநிறப் பட்டி அழகுக்கென்று மட்டும் வைத்தது என்று நான் எண்ணவில்லை. நீங்களும் எண்ண வேண்டாம். பள்ளத்துக்குள் அது ஆப்புப் போல இறங்கி, றப்பரின் இரு உதடுகளையும் அகட்டி, ஒன்றைக் கண்ணாடிமேலும் மற்றதை இரும்புமேலும் இறுக்குகின்றது. இதனைப் பூட்ட ஒரு தனிக் கருவி உண்டு. கைபிடியின் நுனியிலே ஒரு கண். அந்தக் கண் பள்ளத்தின் வாயைத் திறந்துகொண்டு முன்னே போகும், பட்டி அதனூடாக வந்து பின்னே விழும். அண்ணை தம் கருவியைச் சைக்கிள் கம்பியை வளைத்து, பழைய உளிப்பிடியில் ஏற்றிச் செய்திருந்தார். பட்டியை ஒரு முறை மடித்துவிட்டால் அந்த மடிப்பை எந்தக் கையாலும் எடுக்க முடியாது. ஆகவே ஒருவர் சுருளைத் தளர்வாகப் பிடித்துக் கொடுக்க வேண்டும். பிடித்துக் கொடுத்தவன் நான். இந்த வேலையில் எனக்குக் கிடைத்த பதவி அது ஒன்றே.

பசையைப் பற்றி ஒரு வார்த்தை. வெளி உதட்டைத் தூக்கி, இரும்புக்கும் றப்பருக்கும் இடையிலே, இறுகிப் போகாத கறுப்புப் பசையை மெல்லிய மூக்குள்ள குழாயால் செலுத்தினார்கள். கடைகளில் மலிவாகக் கிடைக்கும் சிலிக்கோன் பசை வேண்டாம் என்றார் அண்ணை. அவற்றுட் பல காயும்போது வினாகிரி மணக்கும். அந்த மணம் புளிப்பமிலத்தின் மணம். அந்த அமிலம் இரும்பிலே கறளுக்கு விதை போடும். மூக்கே சொல்லிக் கொடுக்கின்ற பாடம்.

இரண்டு நாள் கழித்துத் தண்ணீர் விட்டுப் பார்த்தோம். குழாயைப் பீச்சிப் பிடிக்கவில்லை. கீழ் விளிம்பிலிருந்து தொடங்கிச் சிறிது சிறிதாக மேலே ஏற்றிக்கொண்டு போனார்கள். அப்போதுதான் எந்த உயரத்தில் ஒழுகுகிறது என்பது பிடிபடும். பையன் உள்ளே கைவிளக்கோடு படுத்திருந்தான். விளிம்பின் கீழே பழைய பத்திரிகைத் தாள்களை ஒட்டியிருந்தான். துளி விழுந்தால் தாளிலே தெரியும். கீழ்ப்பக்கம் முடிந்தது. மூலைகள் முடிந்தன. மேற்பக்கம் முடிந்தது. தாள் காய்ந்தபடியே இருந்தது. பெரியம்மா திண்ணையிலிருந்து எழுந்து நின்றுகொண்டிருந்தார்.

அப்பொழுது உள்ளேயிருந்து குரல் வந்தது. "அம்மப்பா, தண்ணி வருது."

எங்கள் முகங்கள் வாடின. அண்ணை மட்டும், "எவ்விடத்தாலை?" என்று கேட்டார். பையன் கைவிளக்கைத் திருப்பி, "கண்ணாடியாலை இல்லை. வைப்பர் தண்டாலை," என்றான். முன்கண்ணாடியின் கீழே, மழை துடைக்கும் தடியின் தண்டு தகட்டைத் துளைத்து வெளிவரும் இடத்தில் ஒரு சிறு றப்பர் வளையம் உண்டு. அது உக்கிப் போயிருந்தது. முன்பெல்லாம் கண்ணாடியின் மேற் போட்ட பழியிலே பாதி இந்த வளையத்துக்குரியது போலும். சைக்கிள் ரியூப்பிலே இரண்டு வளையம் வெட்டிப் போட்டான். தாள் நனையவில்லை.

கார்த்திகையிலே மழை பிடித்துக்கொண்டது. மூன்று நாள் விடாமல் பெய்தது. நான்காம் நாட் காலை பெரியம்மா குடை பிடித்துக்கொண்டு கொட்டிலுக்குப் போய், கார்க் கதவைத் திறந்து, புதுத் தகடு வைத்த தரையைக் கையால் தடவிப் பார்த்தார். பிறகு இருக்கையில் ஏறி அமர்ந்து, மழை விடும்வரை அங்கேயே இருந்தார். தேநீரை அங்கே கொண்டுபோய்க் கொடுத்தோம்.

பின்கண்ணாடியின் பீடிங்கும் வெடித்துத்தான் இருக்கின்றது. அதற்கான வார் இலண்டனிலிருந்து வந்துவிட்டது. தைப்பொங்கல் கழிந்ததும் பூட்டுவதாகப் பேச்சு. வெளியே நின்று அழுத்துவது பேரன், உள்ளே இருந்து இழுப்பதற்கு அவனே ஓர் ஆளைப் பழக்கிக்கொள்ள வேண்டும் என்று அண்ணை சொல்லிவிட்டார். தாம் கதிரை போட்டு இருந்து பார்க்கப் போகிறாராம்.